கன்னத்தோடு நின்றுவிடும் சிரிப்பு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் என் ஏழு வயது மகளுடன் ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ அனிமேஷன் படம் பார்த்தேன். பாதியிலேயே என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “அப்பா, இந்தப் பிள்ளைகள் செத்துப்போனவர்களா?” என்று கேட்டாள். பேய்ப்படம்கூட அல்ல, கிறிஸ்துமஸ் கதை. மனிதரைப் போலவே இருந்து அழிந்துபோன நியாண்டர்தால் என்ற பழங்கால இனத்துக்கு நம் முன்னோர் அஞ்சி வாழ்ந்ததன் மிச்சம்தான் இந்த உணர்வு என்கிறார் நண்பர். உண்மையா?

கதிர்

அன்புள்ள கதிர்,

உங்கள் மகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். 2004இல் வந்த அந்தப் படத்துக்காக நடிகர்களின் முகமெங்கும் சிறு புள்ளிகளை ஒட்டி, கன்னமும் உதடும் அசைவதைப் பதிவு செய்தார்கள். கருவிழியில் எதை ஒட்டுவது? அங்கே மட்டும் உயிர் வந்து சேரவில்லை. சிரிப்பு வாயில் தொடங்கிக் கன்னத்தோடு நின்றுவிடுகிறது. அதே நவம்பரில் வெளியான ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ படத்தில் அப்பாவுக்கு மலைபோல் மார்பு, குச்சிபோல் கால்கள். அவரைப் பார்த்து யார் பயப்படப்போகிறார்கள்!

ஜப்பானிய ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970இலேயே இதைப் பற்றி எழுதினார். உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துப்போகிறது. மிகவும் நெருங்கியதும் அந்தப் பிரியம் சட்டென்று பள்ளத்தில் விழுகிறது. அவர் காட்டிய உதாரணம் செயற்கைக் கை. நரம்பு, நகம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். குலுக்கினால் எலும்பில்லாத பிடி, சில்லென்ற தோல். அசையாத உருவங்களுக்கு அவர் வரைந்த வரைபடக் கோட்டில் அந்தப் பள்ளத்தின் அடியில் கிடப்பது பிணம். உங்கள் மகள் கேட்ட கேள்வியேதான்.

நண்பரின் கதை சுவாரசியமானது, நான் நம்பவில்லை. 2010இல் மரபணு ஆய்வாளர் ஸ்வாந்தே பாபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத்தொகுதியை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட நம்மைப் போன்றவர்களின் மரபணுவில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் அவர்களுடையது. கண்டதும் குலைநடுங்கி ஓடியவர்கள் சேர்ந்து பிள்ளை பெற்றிருப்பார்களா? (எல்லாம் மனமொப்பி நடந்ததா என்பதை மரபணு சொல்லாது.)

2009இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மக்காக் குரங்குகளுக்குக் குரங்கு முகங்களைக் காட்டினார்கள். நிஜமுகத்தையும் வெறும் பொம்மை முகத்தையும் அவை நிதானமாகப் பார்த்தன. கணினியில் ஏறக்குறைய நிஜம்போல் செய்த முகத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டன. குரங்குக்கு ஏது நியாண்டர்தால்? அதனால் இது இன்னும் பழைய சங்கதி என்று நினைக்கிறேன். தன் இனத்து முகத்தில் ஏதோ கோளாறு என்றால் நோயாக இருக்கலாம், சாவாக இருக்கலாம், தள்ளி நில். ஆய்வாளர்கள் சிலரும் இப்படிக் கருதுகிறார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை.

‘அமானுஷ்யம்’ என்ற சொல்லைப் பாருங்கள். மனிதத்தன்மை இல்லாதது என்றுதான் பொருள், ஆனால் எருமையை யாரும் அமானுஷ்யம் என்பதில்லை.

மகளிடம் ‘வெறும் படம்தானே’ என்று சொல்லிவிடாதீர்கள். படத்தை நிறுத்திவிட்டு, முகத்தில் எந்த இடம் அப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். விரலை நேராகக் கண்ணில்தான் வைப்பாள்.