42, 58, 103: ‘பார்ப்போம்’ என்ற சொல்லோடு 27 நாள்

நீங்கள் கேட்டது இதுதான்: ஐவிஎஃப் (வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கிற சிகிச்சை) செய்து முதல் பீட்டா எச்.சி.ஜி., அதாவது கர்ப்பத்தைக் காட்டும் ஹோர்மோனின் இரத்த அளவு, குறைவாக வந்திருக்கிறது, இரண்டு நாள் கழித்தும் போதிய அளவு கூடவில்லை, டொக்டர் ‘பார்ப்போம்’ என்கிறார். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இந்த நாட்களை எப்படித் தாண்டுவது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், கல்யாணமாகி ஏழு வருடம். ‘என்ன, புதினம் ஒண்டும் இல்லையோ?’ என்ற கேள்விக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்த ஏழு வருடம். சிகிச்சை கொழும்பில். கரு வைத்துவிட்டு ஊருக்கு வந்து, பன்னிரண்டாம் நாள் இங்கே ஒரு தனியார் லாபில் இரத்தம் கொடுத்தேன். 42 என்று வந்தது.

ஐந்துக்குக் கீழே என்றால் இல்லை, 25க்கு மேலே என்றால் கர்ப்பம். அந்தக் கணக்கில் நான் முழுகாமல் இருந்தேன். ஆனால் போனில் டொக்டரின் குரலில் சந்தோசம் இல்லை. ‘கொஞ்சம் குறைவு, ரெண்டு நாள் கழிச்சு திரும்ப எடுங்கோ, பார்ப்போம்’ என்றார். 58. அதற்கடுத்து 103. அதற்கடுத்து 120.

இந்த நாலு எண்ணையும் பாருங்கள். முதல் தடவை கூடியது நூற்றுக்கு முப்பத்தெட்டுத்தான். ஆரம்பத்தில் அளவு 1500க்குக் கீழே இருக்கும்போது நல்ல கர்ப்பம் என்றால் 48 மணி நேரத்தில் குறைந்தது பாதியளவாவது கூட வேண்டும் என்பார்கள். சரி, முடிந்துவிட்டது என்று அன்று இரவு அழுது தீர்த்தேன். பிறகு 103 வந்தது, நூற்றுக்கு எழுபத்தெட்டு ஏற்றம். இவர் போய் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். ஏன் ஆப்பிள் என்று இன்றைக்கும் அவருக்கே தெரியாது. அந்த ஆப்பிள் தீருவதற்குள் 120.

போய்விட்டது என்று ஒரே தடவையில் சொல்லியிருந்தால் உடைந்து அழுதிருப்பேன். இருக்கிறது என்றிருந்தால் காலை நீட்டிப் படுத்திருப்பேன். இரண்டும் இல்லாததால் சின்ன விசயம் எல்லாம் பூதமாகிவிட்டது. தண்ணி வாளியைத் தூக்கலாமா? அன்னாசி தின்னலாமா? போலிக் அமிலக் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்காக இதைப் போடுகிறேன் என்று யோசித்த காலைகள் உண்டு. (போட்டேன். நீங்களும் டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை எதையும் நிறுத்தாதீர்கள், முக்கியமாகக் கர்ப்பம் தங்கக் கொடுக்கிற புரோஜெஸ்டரோன் ஹோர்மோனை.)

இன்னொரு முட்டாள்தனம், வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சி. நாளுக்கு இரண்டு. கோடு நேற்றைவிடக் கருப்பா, மங்கலா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். அது இருக்கு, இல்லை என்பதைக் காட்டுவதற்கான சாமான், அளவு சொல்வதற்கானது இல்லை. காலையில் நிறையத் தண்ணி குடித்திருந்தாலே கோடு மங்கிவிடும். மிச்சம் இருந்த மூன்றையும் இவர் ஒளித்துவைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரத்தத்தை ஒரே லாபில் கொடுங்கள். லாபுக்கு லாப் அளக்கும் முறை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், அந்த ‘கொஞ்சம்’ இப்போது உங்களைக் கொன்றுவிடும்.

முதல் இரத்தப் பரிசோதனையிலிருந்து எண்ணினால் ஏழாம் நாள் ஸ்கான். கருப்பையில் ஒன்றும் இல்லை, கருக்குழாயிலும் ஒன்றும் தெரியவில்லை. நான் கட்டிலிலேயே அழத் தொடங்கிவிட்டேன். ஸ்கான் செய்த டொக்டர், 120க்கு எப்படியும் ஒன்றும் தெரியாது, அளவு 1500, 2000 தாண்டினால்தான் கரு வளர்கிற சின்னப் பை கண்ணுக்குப் படத் தொடங்கும், இதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது என்றார். ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததைத் தமிழில் கேட்டேன். ‘இடம் தெரியாத கர்ப்பம்’ என்றார். எங்களுக்கு இடம்பெயர்ந்தவர்களைத் தெரியும், காணாமல் போனவர்களைத் தெரியும். வயிற்றுக்குள்ளேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இடம் தெரியாது என்றால் குழாயிலும் இருக்கலாம். ஐவிஎஃபில் கருவைக் கருப்பைக்குள்ளேயே வைத்தாலும் அது குழாய்க்குப் போய் ஒட்டுவது உண்டு, பீட்டா குறைவாக இருந்தாலும் குழாய் வெடிக்கலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்து வலி, தோள்மூட்டு நுனியில் காரணமில்லாத வலி, தலைச்சுற்று, மயக்கம், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைகிற அளவு இரத்தம், இதில் எது வந்தாலும் கொழும்பு டொக்டரின் வட்ஸ்அப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். திருமலையில் இருந்தால் நேராகப் பொது வைத்தியசாலை அவசரப் பிரிவு. வாகனம் இல்லாவிட்டால் 1990 அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் ‘அன்டி-டி ஊசி வேணுமா’ என்று நீங்களாகவே கேளுங்கள், அது அடுத்த பிள்ளையைக் காக்கிற ஊசி. இரவில் எனக்கு இருந்த பயத்தில் பாதி, என்ன வந்தால் ஓட வேண்டும் என்று தெரியாத பயம்தான். இந்தப் பட்டியலை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய பிறகு ஓரளவு நித்திரை வந்தது.

வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அம்மாவுக்குக் காரணம் கந்தளாய் ரோட்டுக் குலுக்கல். ‘ரெண்டு கிழமை கொழும்பிலயே படுத்திருக்கலாம்’ என்றா. 260 கிலோமீட்டர் வான் வண்டியில் வந்தது என் பிழையோ என்று நானும் நினைத்தேன், டொக்டரிடம் கேட்டே விட்டேன். படுத்திருந்தால் கரு கூடுதலாக ஒட்டும் என்பதற்கு ஆதாரமே இல்லை, ஆரம்பத்தில் அழிகிறதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறு, அதை ரோட்டாலும் உண்டாக்க முடியாது, கட்டிலாலும் திருத்த முடியாது என்றார். அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. இன்றைக்கும் கந்தளாயைத் திட்டுவா. திட்டட்டும், என்னைத் திட்டாத வரைக்கும் சரி.

மாமி வேறு மாதிரி. கோணேசர் கோயிலுக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள், மலை விளிம்பு மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள். அதில் ஒன்று மாமி எங்களுக்காகக் கட்டியது. ஸ்கான் முடிந்த அடுத்த நாள் பின்னேரம் அவவிடம், ‘மாமி, இப்ப அதைக் கழட்டவா, விடவா?’ என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். ‘அது உன்ர வேலை இல்லை பிள்ளை, காத்துக்கு விழுந்தா விழட்டும்’ என்றா. என்னை ‘நம்பிக்கையோடு இரு’ என்றும் சொல்லவில்லை, ‘மறந்திடு’ என்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்கு உதவிய பேச்சு அது ஒன்றுதான். அதுவரை நான் ஏதோ ஒரு பக்கம் முடிவெடுக்க வேண்டும் என்று என்னையே நெருக்கிக்கொண்டிருந்தேன்: நம்பினால் ஏமாறுவேன், அழுதால் இருக்கிற பிள்ளைக்குத் துரோகம். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். காலையில் பெயர் யோசித்தேன், மத்தியானம் அழுதேன், இரவு சோறு போட்டுத் தின்றேன். உங்கள் நினைப்பால் அந்த எண் ஒன்று கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.

நடைமுறையில் செய்தது கொஞ்சம்தான். அடுத்த இரத்தப் பரிசோதனை நாளுக்கு அங்கால் எதையும் யோசிப்பதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். முடிவு வரும் போன் இவரிடம், எனக்குச் சொல்வது வீட்டுக்கு வந்து, நேரில். கேட்பவர்களுக்கு ஒரே வசனம்: ‘இன்னும் தெரியாது, தெரிஞ்சா நாங்களே சொல்லுவம்.’ மருத்துவமாது வீட்டுக்கு வந்தபோதும் அதையே சொன்னேன். அவ கொப்பியை மூடிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனா.

ஒன்பதாம் நாள் 96. அன்றைக்குத்தான் புரோஜெஸ்டரோனை நிறுத்தச் சொன்னார்கள். மூன்றாம் நாள் இரத்தம் வந்தது, சாதாரண மாதவிடாயைவிடக் கொஞ்சம் கூட. பிறகு 31, 9. இருபத்தேழாம் நாள் ஐந்துக்குக் கீழே. மருந்து, ஊசி எதுவும் தேவைப்படவில்லை. எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

ஒன்று மட்டும் நெடுநாள் உறுத்தியது. மாமாவின் 31ஆம் நாள் கிரியை கன்னியா வெந்நீரூற்றில் நடந்தது. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது கதை. யார் போனாலும் செய்ய ஒரு முறை இருக்கிற ஊர் இது. இதற்கு ஒன்றும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிந்து அழிகிற கர்ப்பத்தைக் ‘கெமிக்கல்’ என்பார்கள்; ‘அது வெறும் கெமிக்கல்தானே’ என்று ஒரு சிநேகிதி சொன்னபோது எனக்கு வாயடைத்துப் போனது.

நாலு மாதம் கழித்து வேறொரு டொக்டரிடம் போனோம். படிவத்தைப் பார்த்தபடியே, ‘இதுக்கு முந்திக் கர்ப்பம் தங்கினதா?’ என்று கேட்டார். இவர் பழக்கத்தில் ‘இல்லை’ என்றார், அதே நேரத்தில் நான் ‘ஒண்டு’ என்றேன். டொக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு 1 என்று எழுதினார்.