கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் எச்சம் புலியுடையதா?

கேள்வி: கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். முந்தாநாள் எங்கள் கன்றுக்குட்டியை ஏதோ அடித்துப்போட்டது. கொட்டகைக்குப் பின்னால் ஏதோ விலங்கின் எச்சம் (மலம்) கிடக்கிறது. சிலர் புலி என்கிறார்கள், சிலர் சிறுத்தை என்கிறார்கள். டிஎன்ஏ சோதனையில் தெரியுமா? எப்படி எடுத்து வைப்பது?

பதில்: தெரியும். பருமனைப் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பெரிய ஆண் சிறுத்தையின் எச்சமும் இளம் புலியின் எச்சமும் பழகிய கண்ணையே ஏமாற்றிவிடும்.

எச்சம் குடலை உரசிக்கொண்டு வரும்போது குடல்சுவரின் செல்கள் அதன் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. போட்டது யார் என்பதைச் சொல்வது அந்த மேல்பரப்புதான். உள்ளே இருக்கும் முடியும் எலும்புத் தூளும் பெரும்பாலும் தின்ற இரையுடையவை. எந்த இனம் என்று கண்டுபிடிக்க, செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ போதும். ஒரு செல்லில் அது நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால், கொஞ்சம் கெட்டுப்போன எச்சத்திலும் கிடைத்துவிடும். எந்தப் புலி, ஆணா பெண்ணா என்று கேட்டால் செல்லின் மையமான உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ வேண்டும். அது செல்லுக்கு இரண்டே பிரதி. வெயிலும் மழையும் முதலில் காலி செய்வது இந்தத் தகவலைத்தான்.

அதனால் இன்றே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இழப்பீடு என்று வந்தால் மாதிரியை யார் எடுத்தார், யார் கைக்குப் போனது என்ற பதிவைக் கேட்பார்கள். அவர்களே எடுப்பதுதான் நல்லது. ஐதராபாத்தில் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்), டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் ஆகிய இடங்களில் இந்தச் சோதனைக்கு ஆய்வகம் இருக்கிறது.

அவர்கள் வரும்வரை ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி வையுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், ஒட்டுண்ணிப் புழுக்களின் முட்டை இருக்கலாம். உங்களையே எடுத்து வைக்கச் சொன்னால், கையுறை போட்டு, புதுக் குச்சியால் மேல்பகுதியைச் சுரண்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது, டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். பாலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

ஒன்று கவனியுங்கள். இந்தச் சோதனை சொல்வது கொட்டகைப் பக்கம் வந்தது யார் என்பதை. கன்றை அடித்தது யார் என்பதை அல்ல. அதற்குக் கழுத்துக் கடிவாயில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்கும் எச்சில்தான் சாட்சி. கன்றை இன்னும் புதைக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஊர்நாய் வந்து நக்கியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.