மடியில் நிற்காத கிட்டார்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஆங்கில 'V' எழுத்து வடிவ ஃப்ளையிங் வி மின்கிட்டார் வாங்கியிருக்கிறேன். நின்று வாசித்தால் சுகமாக இருக்கிறது. உட்கார்ந்தால் தொடையிலிருந்து வழுக்கிக்கொண்டே போகிறது. வீட்டுப் பயிற்சியையும் நின்றுகொண்டேதான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். மற்ற கிட்டார்களில் தொடை பதிவதற்கு இடுப்பு வளைவு இருக்கும். வி-யில் அது கிடையாது. அடிப்பக்கம் முழுக்க ஒரே சரிவு, அதனால் வழக்கம்போலத் தொடைமேல் வைத்தால் நழுவத்தான் செய்யும். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவிலுள்ள பிளவை வலது தொடையில் கொண்டுவந்து மாட்டுங்கள். கீழ் இறக்கை இரு தொடைகளுக்கும் நடுவே இறங்கும், மேல் இறக்கை வலது தொடைக்கு வெளியே போய்விடும். கழுத்து தானாகவே மேலே தூக்கும், கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பவர்கள் பிடிப்பதுபோல. முதல் சில நாள் வலது முன்கையை எங்கே வைப்பது என்று திண்டாட்டமாக இருக்கும். மேல் இறக்கையின் விளிம்பில் சாய்த்துப் பழகுங்கள். பழகிவிட்டால் இடது மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்பதே இந்த உட்காரலின் லாபம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல வி-களில் கேபிள் செருகும் ஜாக் கீழ் இறக்கையின் முகப்பில் இருக்கும். நேர் பிளக் போட்டால் அது தொடையில் இடித்து, நாளடைவில் ஜாக்கையே தளர்த்திவிடும். எல் வடிவ பிளக் போடுங்கள். அடுத்தது, உட்காரும்போதும் ஸ்ட்ராப்பைக் கழற்றாதீர்கள். கொஞ்சம் குட்டையாக்கி, எடையில் ஒரு பங்கை அது தாங்கும்படி விடுங்கள்.

இந்த வழுக்கல் இதைச் செய்த கிப்சன் கம்பெனிக்கும் தெரிந்த சங்கதிதான். 1958 மாடலில் கீழ் இறக்கையின் பக்கவாட்டில் வரிவரியான ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டியே விற்றார்கள். உங்கள் கிட்டாரில் பட்டை இல்லையென்றால் கண்ட ரப்பரையும் வாங்கி ஒட்டிவிட வேண்டாம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சாக இருந்தால் ரப்பர் பட்ட இடம் பிசுபிசுத்து நிறம் மாறும். மெல்லிய ஸ்வேட் தோல் துண்டைத் தொடைமேல் போட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி: இவ்வளவு அசௌகரியமான வடிவத்தை யார், எதற்காக வடிவமைத்தார்கள்?

கிப்சன் நிறுவனம், டெட் மெக்கார்ட்டி தலைவராக இருந்த காலத்தில். 'பழைய பாணிக் கம்பெனி' என்ற பேச்சை உடைக்க வேண்டும் என்பது நோக்கம். 1957-ல் வடிவ உரிமைக்கு விண்ணப்பித்து, 1958-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ ஆலையிலிருந்து எக்ஸ்ப்ளோரர் மாடலோடு சேர்த்து வெளியிட்டார்கள். கொரினா என்ற வணிகப் பெயரில் விற்ற ஆப்பிரிக்க லிம்பா மரம், இரண்டு ஹம்பக்கர் பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்), 24.75 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), விலை 247.50 டாலர். கடைக்காரர்கள் ஜன்னலில் தொங்கவிட வாங்கினார்களே தவிர வாசிக்க ஆள் வரவில்லை. 1959-ல் நிறுத்தியபோது 100-ஐக்கூடத் தொடவில்லை. மிஞ்சிய உடல்களை வைத்து 1960-களின் தொடக்கத்தில் சிலவற்றைப் பொருத்தி விற்றார்கள். பெரிய பிக்கார்டோடு (முகப்பைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) மஹோகனியில் மறுபடி வந்தது 1967-ல்தான்.

ஆனால் 'அசௌகரியம்' என்பதில் பாதிதான் உண்மை. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களில் கடைசிவரை கை தட்டாமல் போகும் வசதி வி-யில் இருப்பதுபோல், கழுத்தை உடலோடு ஒட்டிச் செய்த அந்தக் கால கிட்டார்கள் பலவற்றில் இல்லை.

கேள்வி: இது மெட்டல் வாசிப்பவர்களுக்கான கிட்டார்தானே? வடிவத்தால் ஒலி மாறுமா?

முதலில் இதைக் கையில் எடுத்தவர்கள் மெட்டல்காரர்கள் இல்லை. ப்ளூஸ் மேதை ஆல்பர்ட் கிங், லானி மாக் இருவரும் அந்த முதல் தலைமுறை வி-யோடுதான் பெயர் எடுத்தார்கள். லானி மாக் தன் வி-யில் பிக்ஸ்பி வைப்ரேட்டோ (சுருதியை ஆட்டும் நெம்புகோல்) வைக்க, பிளவின் குறுக்கே ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967 வி ஒன்றுக்குத் தன் கையாலேயே வண்ணம் தீட்டினார். விஷ்போன் ஆஷ் ராக் குழுவின் ஆண்டி பவல் மெலடிக்குப் பயன்படுத்தினார். ஷெங்கர் சகோதரர்கள், கே.கே. டவுனிங், ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு போன்ற ஹார்ட் ராக், மெட்டல்காரர்கள் எல்லாம் அதன் பிறகுதான். ஒலியைப் பொறுத்தவரை பிக்அப், ஸ்கேல் நீளம், தந்தியின் தடிமன், ஆம்ப் இவற்றுக்கு முன்னால் வடிவத்தின் பங்கு மிகச் சிறிது. மைக்கேல் ஷெங்கரின் அந்த மூக்கடைத்த லீட் ஒலி வேண்டுமானால் கிட்டாரை மாற்றாதீர்கள். வா பெடலை (காலால் மிதித்து ஒலியின் தன்மையை மாற்றும் கருவி) பாதி மிதித்த நிலையில் நிறுத்தி வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் இடது கைக்காரன். இடது கை வி கிடைப்பது அரிது. வி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே, வலது கை கிட்டாரைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. திருப்பிப் போட இதைவிடத் தோதான வடிவம் இல்லை. ஆனால் இரண்டு பாதை உண்டு, முதலிலேயே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டுமே இடது கைக்காரர்கள் காட்டியவை.

ஆல்பர்ட் கிங் பாதையில், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்தாலும் தந்திகளை மாற்றுவதில்லை. மெல்லிய தந்தி மேலே, தடித்த தந்தி தரைப்பக்கம். மற்றவர்கள் மெல்லிய தந்தியை மேலே தள்ளி வளைப்பார்கள். அவர் தரைநோக்கி இழுத்தார். இழுக்கும்போது முழுக் கையின் பலமும் கிடைப்பதால் அந்த நீண்ட வளைப்புகள் சாத்தியமாயின. இதற்கு கிட்டாரில் ஸ்ட்ராப் பட்டனைத் தவிர எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் கார்டு வடிவங்கள் எல்லாம் தலைகீழ்; புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது கஷ்டம்.

ஹென்ட்ரிக்ஸ் பாதையில் தந்திகளை வரிசை மாற்றிக் கட்ட வேண்டும். அப்போது நட்டையும் (தலைக்கருகே தந்திகள் பதியும் காடிப் பட்டை) மாற்றியே ஆக வேண்டும். தடித்த ஈ தந்திக்கு அறுத்த காடியில் மெல்லிய ஈ தந்தி ஆடி, திறந்த சுரத்தில் கிர்ரென்று இரையும். எதிர்ப்பக்கம் தடித்த தந்தி காடிக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். பிறகு இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது. பிரிட்ஜ் சாடில்கள் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டுகள்) பழைய வரிசைக்கு ஏற்பச் சரிந்து நிற்கும். ஒவ்வொரு தந்தியிலும் 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அதே ஃப்ரெட்டை அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள். குறைவாக இருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் திரும்ப ட்யூன் செய்துவிட்டுத்தான் அடுத்த ஒப்பீடு. சாடில் நகர இடம் தீர்ந்துவிட்டால், அதைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

எந்தப் பாதையானாலும் வால்யூம், டோன் குமிழ்கள் மேல் இறக்கைக்கு வந்துவிடும். முன்கை அவற்றைத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: ஆம்ப்பில் சாய்த்து வைத்திருந்த வி சரிந்து விழுந்தது. தலை, நட்டுக்குப் பின்னால் விரிசல் விட்டுவிட்டது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டலாமா?

போடாதீர்கள். அது மரநாரை அடைத்துக்கொண்டு, பிறகு வரும் மரப்பசையை உள்ளே இறங்கவிடாது. முதல் வேலையாக எல்லாத் தந்திகளையும் தளர்த்துங்கள். விரிசல் அசையாதபடி துணியால் சுற்றிவையுங்கள். துண்டு கழன்றிருந்தால் 'பொருந்துகிறதா' என்று மாட்டி மாட்டிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் நார்முனைகள் மழுங்கி, கடைசியில் சந்து தெரியும். நேரே கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். புதிய முறிவு, நீளமான பிளவு, துண்டு எதுவும் தொலையவில்லை என்றால், மரப்பசையிட்டு ஒருநாள் முழுக்கக் கிளாம்ப்பில் இறுக்கி வைத்துச் செய்த வேலை பல வருடம் நிற்கும்.

ஏன் அங்கேயே உடைகிறது? ஒரே மஹோகனிக் கட்டையில் கழுத்தும் தலையும் செதுக்கப்படுகின்றன. தலை 17 டிகிரி அளவில் பின்னால் சாய்வதால், அந்த இடத்தில் மரத்தின் நார் குறுக்காக வெட்டுப்பட்டு நீளமில்லாமல் போகிறது. போதாததற்கு ட்ரஸ் ராடின் (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) திருகுக்காகச் சரியாக அதே இடத்தில் மரத்தைக் குடைந்திருப்பார்கள். மல்லாந்து விழுந்தால் தலைதான் முதலில் தரையைத் தொடும். 1970-களின் கிப்சன்களில் கழுத்தின் பின்பக்கம் ஒரு புடைப்பு வைத்தது இதற்காகத்தான்.

வி-யை எதன்மீதும் சாய்க்கக் கூடாது. இரண்டு கூர்முனையில் நிற்கும் ஏணி போலத்தான் அது, கால் வழுக்கினால் முழுதும் போச்சு. சாதாரண ஸ்டாண்டின் கீழ்க் கவைகளிலும் அது சரியாக உட்காராது. கழுத்தைத் தாங்கித் தொங்கவிடும் ஸ்டாண்ட் அல்லது சுவர் மாட்டி வாங்குங்கள். கொக்கியின் நுரைரப்பரைப் பருத்தித் துணியால் சுற்றிவிடுங்கள். லாக்கர் பற்றி மேலே சொன்ன அதே காரணம்.

கேள்வி: நின்று வாசிக்கும்போது கையை எடுத்தால் கழுத்து தரைப்பக்கம் இறங்குகிறது.

வி-யில் முன்னால் நீளும் கொம்பு இல்லை. அதனால் முன் பட்டன் உடலின் தோளிலோ கழுத்து மூட்டின் பின்னாலோதான் உட்கார முடியும். அதற்கு அப்பால் மொத்தக் கழுத்தும் தொங்குகிறது. முழுத் தீர்வு கிடையாது. உள்பக்கம் சொரசொரப்பான, அகலமான ஸ்வேட் ஸ்ட்ராப் பெரும்பாலும் போதும். கனமான ட்யூனர்களை இலேசானவையாக மாற்றினால் இன்னும் குறையும், ஏனெனில் அந்த எடை நெம்புகோலின் கடைசி முனையில் இருக்கிறது.

கிட்டாரின் முகம் முன்னால் கவிழ்கிறது என்றால் அது வேறு சிக்கல். மூட்டின் பின்னாலுள்ள பட்டனை மேல் தோளின் விளிம்புக்கு மாற்றுங்கள். உள்ளே பிக்அப் குழி வராத இடமா என்று பார்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, திருகின் மரை நீங்கலான தண்டு அளவுக்கு மட்டும் துளையிடுங்கள். ட்ரில் பிட்டில் திருகின் நீளத்துக்கு ஒரு டேப் துண்டைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. பழைய துளையில் மரப்பசையோடு பல்குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒரு இறக்கை நீண்டும் ஒன்று குட்டையாகவும் இருக்கும் வி-யும் இதே குடும்பமா?

மெட்டல் கிட்டார் கலைஞர் ராண்டி ரோட்ஸுக்காக, கிட்டார் தயாரிப்பாளர் க்ரோவர் ஜாக்சன் 1980-களின் தொடக்கத்தில் செய்துகொடுத்த வடிவத்தின் வழி வந்தவை அவை. மேல் இறக்கை நீளம், கீழது குட்டை. பலவற்றில் கழுத்து உடலினூடே ஓடுவதால் மூட்டே இல்லை. மேல் ஃப்ரெட் வசதி இன்னும் அதிகம். உட்கார்ந்து வாசிக்க, குட்டை இறக்கை தொடைகளுக்கு நடுவில் அவ்வளவாகப் பிடி கொடுக்காது. ஸ்ட்ராப் கட்டாயம்.

கேள்வி: ஜி தந்தி மட்டும் அடிக்கடி சுருதி விலகுகிறது. ட்யூனர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. ட்யூன் செய்யும்போது நட்டிலிருந்து 'டிக்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் தந்தி காடியில் சிக்கிக்கொண்டு திடீரென்று விடுபடுகிறது என்று அர்த்தம். பென்சில் முனையைக் காடியில் தேய்த்து கிராஃபைட் ஏற்றுங்கள். ட்யூனர் தண்டில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். தந்தி உடலினூடே ஏறும் மாடலாக இருந்தால், பின்னாலிருந்து செருகியபின் உருண்டை முனை உலோகக் குழலுக்குள் முழுக்க உட்கார்ந்ததா என்று இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: சாதாரண கிட்டார் பை போதுமா?

போதாது. இறக்கை நுனிகள் பையைக் கிழிக்கும், நுனி பெயர்ந்தும் போகும். நுனிக்கு நுனி அகலத்தையும் மொத்த நீளத்தையும் அளந்துகொண்டு, வி-க்கென்றே செய்த கெட்டிப் பெட்டி வாங்குங்கள். கழுத்துக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் பெட்டியின் அடி தொடாமல் ஒரு விரல் இடமாவது இருக்க வேண்டும்.