ஸ்கோர் விழுந்த பிறகு எத்தனை கார்டு வாங்கலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கார்டு பாக்கியைச் செட்டில்மென்ட் பேசி முடித்தேன். இப்போது சிபில் ஸ்கோர் 612. ஒரே சமயத்தில் நான்கைந்து புதுக் கார்டு வாங்கி ஒழுங்காகக் கட்டிவந்தால் ஸ்கோர் சீக்கிரம் ஏறும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

நண்பர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. கார்டு கூடினால் மொத்த லிமிட் கூடும். அதே செலவு அந்த லிமிட்டில் சிறிய பங்காகத் தெரியும். ஆனால் அதெல்லாம் கார்டு கைக்கு வந்த பிறகுதானே? 612 என்ற குறைந்த ஸ்கோருக்குச் சாதாரண கார்டு பெரும்பாலும் கிடைக்காது. விண்ணப்பித்த ஒவ்வொரு வங்கியும் உங்கள் கடன் வரலாற்று ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும். அது தேதி, வங்கியின் பெயர், கேட்ட தொகை எல்லாவற்றோடும் 'விசாரணை' என்று பதிவாகிவிடும். நிராகரித்ததை யாரும் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. ஆனால் ஒரே மாதத்தில் ஐந்து விசாரணை, புதுக் கணக்கு ஒன்றுமில்லை என்றால், பார்க்கிற அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிடும்.

தப்பித் தவறி ஐந்தும் கிடைத்துவிட்டாலும் சிக்கல்தான். கணக்குகளின் சராசரி வயது சட்டென்று குறையும். ஐந்து பில் தேதி, ஐந்து கெடு தேதி. ஏற்கெனவே ஒரு கார்டில் தடுமாறியவர் இதில் ஒன்றைத் தவறவிட்டாலே போட்ட உழைப்பு வீண். விசாரணையின் பாதிப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். தாமதத் தவணை சிபில் ரிப்போர்ட்டில் 36 மாதங்களுக்கு மாதவாரியாகத் தெரியும்.

வேலையை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் ரிப்போர்ட் தரும் நிறுவனங்கள் நான்கிலும் ரிப்போர்ட் எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அடுத்து பழைய செட்டில்மென்ட்டைச் சரிசெய்யுங்கள். கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம். பிறகு எஃப்.டி. மீது, அதாவது வங்கியில் போட்ட நிலையான டெபாசிட்டைப் பிணையாக வைத்து, ஒரே ஒரு கார்டு. ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை அது சுத்தமாக ஓடிய பின் இரண்டாவது. அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

எஃப்.டி. கார்டு எடுக்கப் போகிறேன். எவ்வளவு போட வேண்டும்? எதைக் கவனிக்க வேண்டும்?

குறைந்தபட்சத் தொகை வங்கிக்கு வங்கி வேறுபடும். லிமிட் வழக்கமாக டெபாசிட்டில் 75 முதல் 100 சதவீதம்வரை இருக்கும். உங்கள் மாதக் கார்டு செலவைப் போல மூன்று நான்கு மடங்கு லிமிட் வரும்படி போட்டால் நிம்மதி. மாதம் 5,000 செலவழிப்பவருக்கு 20,000 லிமிட் போதும். டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல் வரும். ஆனால் வங்கி அதைப் பிணையாகப் பிடித்து வைத்திருப்பதால், கார்டை மூடாமல் பணத்தை எடுக்க முடியாது. அவசரத்துக்கு வைத்திருக்கும் ஒரே சேமிப்பை இதில் போடாதீர்கள்.

'என் பணம்தானே, கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்' என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள். வங்கி எடுத்துக்கொள்ளும், கூடவே தாமதத்தையும் பதிவு செய்யும். இன்னொரு பொறி ஆண்டுக் கட்டணம். 500 ரூபாய் கட்டணம், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 590 ரூபாய், பயன்படுத்தாத கார்டில் சத்தமில்லாமல் விழும். 'கார்டையே தொடவில்லையே' என்று பில்லைப் பார்க்காமல் விட்டால், அந்த 590 ரூபாய்க்கே தாமதக் கட்டணமும் ரிப்போர்ட்டில் கறையும் வந்து சேரும். வாங்கும்போதே கட்டணத்தைக் கேளுங்கள். முழு பில் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போடுங்கள்.

லிமிட் 20,000. மாதம் 15,000 வரை செலவழித்து, கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டுகிறேன். ஒரு நாள் தாமதமில்லை. ஆனாலும் ஸ்கோர் இறங்குகிறது. ஏன்?

நீங்கள் கட்டும் தேதிக்கு முன்பே வங்கி உங்கள் பாக்கியைச் சொல்லிவிடுகிறது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும். அதாவது 15-ஆம் தேதி நிலவரமும் மாதக் கடைசி நிலவரமும். அந்த நாளில் கணக்கில் 15,000 நின்றால், லிமிட்டில் 75 சதவீதம் தீர்ந்தது என்றே தெரியும். நாலு நாள் கழித்து நீங்கள் முழுதும் கட்டுவது அந்தக் கணக்கில் சேராது.

இதற்காகச் செலவைக் குறைக்க வேண்டியதில்லை, கட்டும் நேரத்தை மாற்றினால் போதும். 13-ஆம் தேதிவாக்கிலும் மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பும் செயலியைத் திறந்து, பாக்கி 6,000-க்குக் கீழே, அதாவது 30 சதவீதத்துக்குள் வரும்படி கட்டிவிடுங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. இந்தப் பாதிப்பு தழும்பாக நிற்பதில்லை. அடுத்தடுத்த விவரம் போகப்போக ஸ்கோர் திரும்பி வரும்.

மினிமம் ட்யூ மட்டும் கட்டினால் ஸ்கோர் தப்பிக்குமா?

பில்லில் போட்டிருக்கும் அந்தக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதப் பதிவு வராது. பணம்தான் தப்பிக்காது. 20,000 பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 700, அதன் மேல் ஜி.எஸ்.டி. 126, மொத்தம் 826. நீங்கள் 1,000 கட்டினால் அசலில் கழிவது 174 ரூபாய். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. பாக்கி உயரத்திலேயே நிற்பதால் மேலே சொன்ன சதவீதக் கணக்கும் கெடும்.

கெடு தேதியை ஓரிரு நாள் தவறவிட்டவர்கள் பதற வேண்டாம். கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் வங்கி அதைத் தாமதம் என்று பதிவு செய்யலாம், தாமதக் கட்டணமும் போடலாம்.

ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று இருப்பதை மாற்ற முடியுமா?

முடியும், பணம் கட்டி. 80,000 பாக்கியை 45,000-க்கு முடித்திருந்தால், வங்கி விட்டுக்கொடுத்த 35,000 தான் அந்தச் சொல்லின் பொருள். வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்: 'மீதி எவ்வளவு? அதைக் கட்டினால் கணக்கு முடிந்தது என்று நிலையை மாற்றுவீர்களா?' பதில் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வந்த பிறகே கட்டுங்கள். வசூல் ஏஜென்ட் போனில் சொல்வதை நம்பி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கடனை வங்கி வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் கடிதம் அந்த நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். கட்டியதும் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். கார்டு பாக்கி தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி நிலையைப் புதுப்பிக்க வேண்டும்.

நிலை மாறினாலும் அந்தக் காலத்துத் தாமத மாதங்கள் அப்படியே இருக்கும். அவை தானாக நகர்ந்து மறையக் காத்திருக்க வேண்டியதுதான்.

கணவரின் கார்டில் ஆட்-ஆன் கார்டு வைத்திருக்கிறேன். எனக்கும் ஸ்கோர் உருவாகுமா?

பொதுவாக இல்லை. ஆட்-ஆன் என்பது அவர் கணக்கிலேயே உங்களுக்குத் தரும் கூடுதல் கார்டு; செலவும் திருப்பிக் கட்டுவதும் முதன்மைக் கார்டுதாரரின் பேரில்தான் பதிவாகின்றன. உங்கள் பேரில் சிறிய எஃப்.டி. கார்டு ஒன்று எடுங்கள்.

நான் வாங்காத கடன் ஒன்று என் ரிப்போர்ட்டில் இருக்கிறது. 12,000 கொடுத்தால் பத்து நாளில் அழித்துத் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது.

கொடுக்காதீர்கள். தவறான பதிவைத் திருத்துவது இலவசம். சரியான பதிவை எந்த ஏஜென்சியாலும் அழிக்க முடியாது. ரிப்போர்ட் தரும் நிறுவனத்தின் தளத்திலேயே அந்தக் கணக்கைக் காட்டிப் புகார் பதியுங்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கும் அன்றே எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. இது 2024 ஏப்ரலில் வந்த விதி. அப்போதும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். உங்கள் பேரில் மோசடியாகக் கடன் எடுத்திருந்தால் காவல்துறை சைபர் பிரிவிலும் புகார் கொடுத்து, அதன் நகலை இணையுங்கள்.

ஆசைப்பட்டு வாங்கிய நாலு கார்டில் இரண்டை மூடலாமா?

ஆண்டுக் கட்டணம் உள்ளவற்றை மூடுங்கள். மிகப் பழைய கார்டு இலவசம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். மூடினால் மொத்த லிமிட் குறையும் என்பதால் மற்றக் கார்டுகளில் பாக்கியை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். பாக்கியில்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். ஆகவே கோரிக்கை எண்ணைக் குறித்து வையுங்கள். வைத்துக்கொள்ளும் கார்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்போன் ரீசார்ஜாவது செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தால், தகவல் சொல்லிவிட்டு வங்கியே மூடிவிடலாம்.