கார்னர் என்றாலே கோல் வாங்குவது ஏன்?

கேள்வி: கால்பந்தில், ஓடியாடும் ஆட்டத்தில் எங்கள் அணி எளிதில் கோல் விடாது. கார்னர் (மைதானத்தின் மூலையிலிருந்து அடிப்பது), ஃப்ரீகிக் வந்தால் மட்டும் வாங்கிவிடுகிறோம். டிஃபெண்டர்கள் எல்லாரும் நல்ல உயரம். கோளாறு எங்கே?

பதில்: உயரத்தில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே எம்புகிறவரைவிட நான்கு எட்டு ஓடிவந்து எம்புகிறவர் மேலே போவார். இடத்தைக் காக்கும் முறையில் உங்கள் ஆட்கள் கோலுக்கு 5.5 மீட்டரில் உள்ள கோட்டில் அசையாமல் நிற்க, எதிரணி பெனால்ட்டி புள்ளியிலிருந்து பாய்ந்து வருகிறது. ஆளுக்கு ஆள் மார்க் செய்தாலோ (எதிரணியில் ஒவ்வொருவரையும் ஒருவர் ஒட்டி நின்று காத்தாலோ), ஒருவர் குறுக்கே வந்து வழிமறித்தாலே பிடி விட்டுப்போகும்.

இரண்டையும் கலந்து பாருங்கள். தலையால் அடிப்பதில் கெட்டிக்காரர்கள் நால்வர் கோல்முகப்பில் நிற்கட்டும். மூவர், எதிரணியின் அபாயமான ஆட்களைப் பெனால்ட்டி புள்ளி அருகிலேயே மறிக்கட்டும். அந்த மூவர் பந்தைத் தொடவே வேண்டாம். ஓட்டத்தைக் கெடுத்தால் போதும். சட்டையைப் பிடித்தால் மட்டும் பெனால்ட்டிதான். இருவர் பெனால்ட்டி ஏரியாவின் விளிம்பில், ஒருவர் குட்டை கார்னரை (உள்ளே தூக்காமல் பக்கத்து ஆளுக்கே தட்டிவிடுவதை) தடுக்க.

கார்னர் அடிக்கும் நொடியில் உங்கள் டிஃபெண்டரின் கால்களைக் கவனியுங்கள். இரண்டு பெருவிரலும் பந்தைப் பார்த்தால், முதுகுக்குப் பின்னால் நழுவும் ஆள் அவர் கண்ணில் படமாட்டார். ஒரு தோள் பந்துக்கு, ஒரு தோள் ஆளுக்கு என்று பக்கவாட்டில் நிற்கப் பழக்குங்கள்.

கவனம் சிதறுவது இன்னொரு காரணம். 2019 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் லிவர்பூலின் அலெக்சாண்டர்-அர்னால்ட் கார்னரை விட்டு விலகுவதுபோல் நடந்து, சட்டெனத் திரும்பி அடித்தார். பார்சிலோனா ஆட்கள் தயாராகும் முன்பே ஒரிகி கோலடித்துவிட்டார். பந்து கார்னரில் வைக்கப்பட்டதுமே ஒருவர் அதன்மேல் கண் வைக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு கம்பத்திலும் ஆள் நிறுத்தலாமா?

பதில்: கோலை நோக்கி வளைந்துவரும் கார்னருக்கு, பந்து வரும் பக்கத்துக் கம்பத்தில் ஒருவர் அவசியம். தூரத்துக் கம்பத்தில் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு (தடுக்கும் அணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் பந்தையும் தாண்டி, கோல் பக்கம் நின்று பந்தை வாங்கும் தவறு) கிடையாது. ஆனால் நீங்கள் வெளியே அடித்த பந்தை எதிரணி மறுபடி உள்ளே அனுப்பும்போது உண்டு. நிறைய கோல்கள் விழுவது அந்த இரண்டாவது பந்தில்தான். எல்லாரும் முன்னேறி வர, கம்பத்து ஆள் மட்டும் கோல்கோட்டிலேயே நின்றுவிட்டால் ஆஃப்சைடு கோடும் அவரோடு அங்கேயே தங்கிவிடும். பந்தை நடுவில் தள்ளாமல், உயரமாகப் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி அடித்துவிட்டு, கோல்கீப்பர் குரல் கொடுத்ததும் அத்தனை பேரும் ஏறுங்கள்.

மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது, வெளியேறுகிறவர் யாரை மார்க் செய்தார் என்பதைக் கோட்டருகிலேயே சொல்லி அனுப்புங்கள். அடுத்த கார்னருக்கு, புதிதாக இறங்கியவர் தன் ஆளைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.