முனை உருண்டு சரிந்த எழுத்து: போட் வெட்டுபவரின் கேள்வி பதில்

திருகோணமலையில் போட் என்கிற பெயர்ப்பலகையும் ஸ்டிக்கரும் வெட்டிப் பிழைப்பவன் நான். முனை உருண்டு, வலப்பக்கம் கொஞ்சம் சரிந்த ஆங்கில எழுத்துருவைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம்.

அண்ணா, உப்புவெளியில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் தொடங்குகிறோம். இந்த எழுத்து விளையாட்டுத்தனமாகத் தெரியாதா?

தெரியும் தங்கச்சி, தெரியட்டுமே. கூர்முனை இல்லாததால் அதட்டாது. சரிவு இருப்பதால் நடந்துகொண்டே கதைப்பது போல இருக்கும். கடலுக்கு வருகிறவருக்கு அது போதும். ஆனால் பெயர் மட்டும் அதில் வரட்டும். இந்த ரகத்தில் பலவற்றில் ஆங்கிலப் பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் ஒரே குச்சி. ஈமெயில் முகவரியைப் பார்த்து அடிக்கிறவர் தடுமாறிப் போவார். அதை நிமிர்ந்த எழுத்தில் போடுங்கள்.

தமிழ்ப் பெயரையும் அப்படியே சரித்துத் தருவீர்களா?

ஒருமுறை தந்தேன், இன்னும் வெட்கம். 'கடற்கரை' என்ற சொல்லை மென்பொருளில் இழுத்துச் சரித்தேன். 'ற்' தலையிலிருந்த புள்ளி அடுத்த 'க'வின் பக்கம் ஒதுங்கிவிட்டது. 'ரை'யின் கொம்புச் சுழிகள் முட்டை வடிவாகி, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தன. உருண்ட முனைகூடக் கோணலாகிப்போனது. ஆங்கில எழுத்தில் சரிவுக்குப் பரம்பரை உண்டு: 1501இலேயே வெனிஸில் அல்டஸ் மனூடியஸ் சரிந்த எழுத்தில் புத்தகம் அச்சிட்டார். தமிழ் அச்சில் அந்த வழக்கம் அவ்வளவாக வேரூன்றவில்லை. சரிவு வேண்டுமென்றால் அப்படியே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள். நம் நாட்டு தாரிக் அஸீஸ் செய்த 'கவிவாணர்' கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம். சரிவு வேண்டாம், உருண்டை போதும் என்றால் 'பாலூ தம்பி'. நான் ஆங்கிலத்தைச் சரித்து, தமிழை நிமிர்த்தியே வைப்பேன்.

ஓட்டோவின் பின் கண்ணாடிக்கு வெட்டலாமா?

தாராளமாக, தம்பி. ஸ்டிக்கர் முதலில் கிளம்புவது கூர்முனையில்தான். வெயிலும் உப்புக்காற்றும் அங்கேதான் பிடித்து இழுக்கும். உருண்ட முனை கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் மெல்லிய கோட்டில் கேட்காதீர்கள், ஒட்டும்போதே நெளியும்.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து அட்டை செய்ய இது சரிவருமா?

வாசல் போட்டுக்குச் சரி டீச்சர், அட்டைக்கு வேண்டாம். பிள்ளை முதலில் பார்க்கும் எழுத்து நிமிர்ந்து நிற்கட்டும். உருண்டை முனை இருக்கலாம். ஆங்கிலச் சின்ன 'ஏ' மட்டும் மேலே கொக்கி இல்லாமல், நாம் கையால் எழுதுவது போல இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணீர் அஞ்சலி பனருக்கு?

ஐயோ, வேண்டாம். அந்த எழுத்து சிரிக்கும்.