பால் மட்டும் குடிக்கும் கன்றுக்குப் புழு எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் எருமைக் கன்றுக்கு 20 நாள் வயது. வயிறு உப்பி, களிமண் நிறத்தில் நாற்றத்தோடு கழிகிறது. புழு என்கிறார்கள். பால் மட்டும்தானே குடிக்கிறது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்தப் பால் வழியாகத்தான் வந்திருக்கும் அண்ணாச்சி. தாய் எருமையின் உடம்பில் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். ஈன்றதும் பாலில் இறங்கிவிடும். தாய்க்கு ஒன்றும் தெரியாது, கன்றுதான் வாடும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு தொழுவத்தில், மருந்து கொடுத்த மறுநாள் சாணத்தைக் குச்சியால் விலக்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்தில், வெள்ளைச் சேமியா மாதிரி சுருண்டு கிடந்தன. அதற்காகச் சீம்பாலை நிறுத்திவிடாதீர்கள், அது கன்றின் உயிர்.

இன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். பைபரசின் மருந்தை எடை பார்த்துக் கொடுப்பார்கள். குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம். புழு ஏராளமாக இருந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். அடுத்த ஈற்றில் கழிச்சல் வரும்வரை காத்திராமல், 10 முதல் 14 நாளுக்குள் முதல் மருந்து கொடுத்துவிடுங்கள். அப்புறம், கன்றின் சாணத்தைத் தினமும் அள்ளுங்கள். அதில் வரும் புழு முட்டை ஈரமண்ணில் மாதக்கணக்கில் சாகாது.